டிவி வாங்கும் முன்: எந்த பிராண்டு நின்று உழைக்கும் என்று கண்டுபிடிப்பது எப்படி?

"எந்தக் கம்பெனி டிவி நல்லது?" என்று கேட்டால் கடைக்காரர் ஒரு பெயர் சொல்வார், மச்சான் ஒரு பெயர் சொல்வார், யூடியூப் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். இந்த மாடலை யார் செய்கிறார்கள்? இதில் எது முதலில் போகும்? போனால் என் ஊருக்கு வந்து சரிசெய்ய ஆள் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தேடினால் பிராண்டு தானாகப் பிடிபடும். முதல்முறை டிவி வாங்குகிறவர்களுக்காக, நம்மூர்க் கடைகளையும் நம்மூர் மின்சாரத்தையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. எது போகும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

டிவி என்பது உள்ளே நாலைந்து சாமான்தான். படம் காட்டும் பேனல், அதற்குப் பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட், பவர் சப்ளை போர்டு, மெயின் போர்டு, பேனலுக்குக் கட்டளை அனுப்பும் டி-கான் போர்டு. எந்த பிராண்டாக இருந்தாலும் பழுது இவற்றில் ஒன்றில்தான் வரும்.

அதிகம் பார்க்கிற பழுது பேக்லைட்தான். சவுண்டு வரும், படம் வராது. இருட்டில் டிவியை ஆன் செய்து, செல்போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாக ஆள் அசைவது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பேக்லைட்தான் போய்விட்டது என்று அர்த்தம். உள்ளே சின்னச் சின்ன எல்.இ.டி.க்கள் பட்டைபட்டையாக ஒட்டியிருக்கும். அதை ஸ்ட்ரிப் என்பார்கள். வரிசையாகத் தொடுத்திருப்பதால் ஒரு எல்.இ.டி. போனால் அந்த வரிசையே அணைந்துவிடும், பெரும்பாலான டிவிகளில் மொத்த வெளிச்சமும் நின்றுவிடும். சில டிவிகளில் எல்.இ.டி. மேல் ஒட்டியிருக்கும் லென்ஸ் பசை விட்டுக் கழன்று விழும். அப்போது திரையில் காசு அளவுக்கு வெள்ளை வட்டங்கள் தெரியும். இரண்டுமே சரிசெய்யக்கூடிய பழுதுதான். ஸ்ட்ரிப் விலை பெரிதில்லை. பேனலை உடைக்காமல் கழற்றி மாட்டத் தெரிந்த கைதான் முக்கியம்.

அடுத்தது கோடு விழுவது. திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு வரும், ஒரு மாதத்தில் மூன்றாகும். பேனலின் ஓரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தில்தான் இணைப்புகள் இருக்கின்றன. ஈரப்பதம், சூடு, தூக்கும்போது பேனல் வளைவது ஆகியவற்றால் அந்த ஒட்டு விட்டுப்போகிறது. இதுதான் செலவு பிடிக்கும் பழுது. ஒரு டிவியின் தயாரிப்புச் செலவில் பாதிக்கு மேல் பேனலுக்குப் போகிறது. வாரண்டி முடிந்தபின் பேனல் மாற்றக் கேட்டால், இன்னும் கொஞ்சம் போட்டுப் புது டிவியே வாங்கிவிடலாம் என்கிற விலையைச் சொல்வார்கள்.

பவர் போர்டு போவதற்கு இடி, மின்னழுத்த ஏற்ற இறக்கம், பல்லி என்று பல காரணம். பல்லியைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. டிவியின் பின்பக்கம் கதகதப்பாக இருக்கும், காற்றுத் துளை வழியாகப் பல்லியும் எறும்பும் உள்ளே போகும், இரண்டு முனைக்கு நடுவே நின்று போர்டைச் சுட்டுவிடும். வாரண்டி அட்டையைப் படித்தால் பூச்சி, பல்லியால் வரும் சேதம் சேராது என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம்.

மெயின் போர்டு போனால் லோகோ வரும், அணையும், மறுபடி லோகோ வரும். விலை குறைந்த 32 இஞ்ச் டிவிகள் பலவற்றில் மெயின் போர்டு, பவர் சப்ளை, பேக்லைட் டிரைவர் எல்லாம் ஒரே போர்டில் இருக்கும். அதில் ஒரு நல்லதும் உண்டு: ஒரிஜினல் கிடைக்காவிட்டால் யுனிவர்சல் போர்டு போட்டு ஓட்டிவிடலாம். ஆனால் அதற்குப்பின் அது பழைய ஸ்மார்ட் டிவியாக இருக்காது.

2. பெயர் யாருடையது, செய்தது யார்?

கடையில் மாட்டியிருக்கும் பெயர்களில் பாதி, டிவியைச் செய்கிறவரின் பெயர் இல்லை. கோடக், தாம்சன், ப்ளாபங்க்ட் மூன்றும் வேறு வேறு கம்பெனி என்று நினைத்துச் சிலர் மூன்றையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இந்தியாவில் இந்த மூன்று பெயர்களுக்கும் உரிமம் வாங்கி டிவி கொண்டுவந்தது சூப்பர் பிளாஸ்ட்ரானிக்ஸ் என்ற ஒரே நிறுவனம்: கோடக் 2016-இல், தாம்சன் 2018-இல், ப்ளாபங்க்ட் 2021-இல். தோஷிபா டிவி வியாபாரத்தை 2018-இல் சீனாவின் ஹைசென்ஸ் வாங்கிக்கொண்டது. பிலிப்ஸ் டிவிக்குப் பின்னால் இருப்பது டி.பி.வி. என்ற வேறொரு கம்பெனி. ஷாவ்மி டிவிகள் பல, நமக்குப் பக்கத்திலேயே திருப்பதியில், டிக்ஸன் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. டிக்ஸன் வேறு பிராண்டுகளுக்கும் செய்து கொடுக்கிறது.

இப்படிச் செய்வதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒப்பந்தத்தில் செய்யும் தொழிற்சாலை நல்ல தொழிற்சாலையாக இருக்கலாம். "ஜெர்மன் பிராண்டு", "பிரெஞ்சு பிராண்டு" என்று விற்பனையாளர் சொல்லும்போது மயங்காமல் இருந்தால் போதும். அந்தக் காலத்து மெட்ராஸ் பெயர்களான சாலிடேர், டயனோரா ஞாபகம் இருக்கிறவர்களுக்கு, பழைய பெயர் ஒன்று மறுபடி ஒரு பெட்டியின் மேல் வந்தால் பாசம் பொத்துக்கொண்டு வரும். பெயருக்குப் பாசம் காட்டலாம், பணம் பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

"சாம்சங் டிவியில் சாம்சங்கே செய்த பேனல்" என்ற பேச்சும் எல்.சி.டி. டிவிகளை, அதாவது பேக்லைட் வைத்த வழக்கமான டிவிகளைப் பொறுத்தவரை பழைய கதை. சாம்சங் டிஸ்ப்ளே 2022-இல் எல்.சி.டி. பேனல் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. எல்.ஜி. டிஸ்ப்ளே சீனாவின் குவாங்சோவில் இருந்த தன் எல்.சி.டி. ஆலையை டி.சி.எல். குழுமத்தின் சி.எஸ்.ஓ.டி.க்கு விற்று, அந்தக் கைமாற்றம் 2025-இல் முடிந்தது. சோனி எல்.சி.டி. பேனலையும், பேக்லைட் இல்லாமல் தானே ஒளிரும் ஓ.எல்.இ.டி. பேனலையும் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. பி.ஓ.இ., சி.எஸ்.ஓ.டி., எச்.கே.சி. போன்ற சில கம்பெனிகளின் பேனல்தான் பல பிராண்டுகளுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. ஒரே மாடலில்கூட 43 இஞ்சுக்கு ஒரு பேனல், 55-க்கு வேறு பேனல் இருக்கலாம். பிறகு எதற்கு விலை வித்தியாசம்? பேக்லைட்டின் தரம், எல்.இ.டி.யை எவ்வளவு சூடாக ஓட்டுகிறார்கள், பவர் போர்டில் போட்டிருக்கும் கெப்பாசிட்டர், தொழிற்சாலையில் எத்தனை சோதனை, அப்புறம் சர்வீஸ். நம்பகத்தன்மை இவற்றில்தான் இருக்கிறது.

இதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கடையில் டிவிப் பெட்டியைத் திருப்பச் சொல்லுங்கள். சட்டப்படி பெட்டி ஸ்டிக்கரில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, தயாரித்த மாதமும் வருடமும், எம்.ஆர்.பி., கஸ்டமர் கேர் எண் எல்லாம் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் முத்திரைக்குக் கீழே 'ஆர்' எழுத்தில் தொடங்கும் ஒரு பதிவு எண்ணும் இருக்கும். போனில் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியை இறக்கி அந்த எண்ணைப் போட்டால், எந்தத் தொழிற்சாலை பெயரில் பதிவு என்று காட்டிவிடும். பாதி விஷயம் அங்கேயே வெளுத்துவிடும். ஆனால் இந்த முத்திரை, டிவி ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்ற பாதுகாப்புச் சோதனைக்குத்தான். ஏழு வருடம் உழைக்கும் என்று அது சொல்லவில்லை.

ஸ்டிக்கரில் தயாரித்த மாதத்தையும் பாருங்கள். ஒன்றரை வருடம் குடோனில் கிடந்த பெட்டியை ஆடித் தள்ளுபடியில் தள்ளிவிடுவது சகஜம். ஈரமான குடோனில் கிடந்தது என்றால், ஒட்டு விட்டுப்போகும் அந்த மெல்லிய படலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

3. பிராண்டை விட்டு மாடலுக்கு வாருங்கள்

எல்லா பிராண்டிலும் நல்ல மாடலும் உண்டு, சொதப்பிய மாடலும் உண்டு. ஒப்பிடும்போது முழு மாடல் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். வருடம் அதில் ஒளிந்திருக்கும். எல்.ஜி.யின் சாதாரண 4கே வரிசையில் யூ.ஆர். என்றால் 2023, யூ.டி. (UT) என்றால் 2024, யூ.ஏ. என்றால் 2025. ஓ.எல்.இ.டி.யில் சி3, சி4, சி5 அதே வரிசையில் வரும். சாம்சங் நியோ க்யூ.எல்.இ.டி.யில் 90சி 2023, 90டி (90D) 2024, 90எஃப் 2025. சோனியின் எக்ஸ்74கே 2022, எக்ஸ்74எல் 2023. கடையில் "லேட்டஸ்ட் மாடல் சார்" என்று சொல்லும்போது இந்த எழுத்தைப் பார்த்தால் போதும்.

அடுத்து கேட்க வேண்டியது பேக்லைட் எங்கே இருக்கிறது என்பது. திரைக்குப் பின்னால் பரவலாக இருந்தால் டைரக்ட் லிட். ஓரத்தில் மட்டும் இருந்து, ஒரு பிளாஸ்டிக் தகடு வழியாக வெளிச்சத்தைப் பரப்பினால் எட்ஜ் லிட். பார்க்க ஒல்லியாக, அழகாக இருப்பது இரண்டாவது. கனடாவைச் சேர்ந்த ஆர்டிங்ஸ் என்ற சோதனை நிறுவனம் 2022 இறுதியில் தொடங்கி 100 டிவிகளை 10,000 மணி நேரத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்தது. ஒல்லியான எட்ஜ் லிட் டிவிகளில், எல்.இ.டி. நெருக்கமாக இருக்கும் ஓரத்தில் சூடு தங்கி, அந்தத் தகடு வளைவதும் வெடிப்பதும், வெளிச்சம் திட்டுத்திட்டாகப் போவதும் அங்கே தெளிவாகத் தெரிந்தன. என் யோசனை: நீடித்து உழைப்பதுதான் முதல் நோக்கம் என்றால், ஒல்லி அழகை விட்டுவிட்டு, கொஞ்சம் தடித்த டைரக்ட் லிட் மாடலை எடுங்கள்.

10,000 மணி என்பதை நம் வீட்டுக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் என்றால் நாலரை வருடம். காலையில் பக்திப் பாட்டு, மத்தியானம் சீரியல், ராத்திரி செய்தி என்று 10 மணி நேரம் ஓடும் வீடு என்றால் மூன்று வருடத்துக்குள் அந்த எண் வந்துவிடும். டிவி ஓயாமல் ஓடும் வீட்டுக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் படம் பார்க்கும் வீட்டுக்கும் ஒரே சிபாரிசு பொருந்தாது.

ஓ.எல்.இ.டி.யில் பேக்லைட் இல்லை, அதனால் பேக்லைட் பழுதும் இல்லை. ஆனால் ஒரே படம் ஒரே இடத்தில் நின்றால் அதன் தடம் திரையில் பதிந்துவிடும். அந்தச் சோதனையில் செய்திச் சேனல் ஒன்றையே ஓட்டினார்கள், ஓ.எல்.இ.டி. திரைகளில் அதன் தடம் விழுந்தது. நம் தமிழ்ச் செய்திச் சேனல்களை நினைத்துப் பாருங்கள்: மூலையில் லோகோ, கீழே சிவப்புப் பட்டை, அதற்குக் கீழே இன்னொரு பட்டை, ஓரத்தில் கடிகாரம். தாத்தா நாள் முழுக்கச் செய்தி பார்க்கும் வீட்டுக்கு ஓ.எல்.இ.டி. வேண்டாம். இந்தத் தடத்துக்கு வாரண்டி கிடைப்பதும் சந்தேகம்தான்; பல கம்பெனிகள் இதை விலக்கிவைத்திருக்கின்றன.

4. விமர்சனங்களைப் படிக்கும் முறை

ஆன்லைன் கடைகளில் 4.3 நட்சத்திரம் என்பதை நம்பகத்தன்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்டி வந்த அன்றைக்கே "சூப்பர், ஃபாஸ்ட் டெலிவரி" என்று எழுதிய நட்சத்திரங்கள்தான் அதில் அதிகம். நான் செய்வது இதுதான்: வாங்க நினைக்கும் மாடலை விட்டுவிட்டு, அதே வரிசையில் இரண்டு வருடத்துக்கு முந்தைய மாடலின் பக்கத்தைத் தேடிப் போவேன். புதியவை முதலில் வரும்படி வரிசையை மாற்றி, ஒரு நட்சத்திர விமர்சனங்களை மட்டும் படிப்பேன். டெலிவரியில் உடைந்தது, சுவர் ஸ்டாண்டு தரவில்லை, ரிமோட் சிறியது போன்றவற்றை ஒதுக்கிவிடலாம். "14 மாதத்தில் கோடு", "வாரண்டி முடிந்த மறுமாதம் படம் இல்லை", "டெக்னீசியன் மூன்று வாரமாக வரவில்லை" என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஒரே புகார் வேறு வேறு ஊர்களிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால் அது அந்த மாடலின் குணம். ஒரே பக்கத்தில் 32, 43, 55 எல்லாவற்றின் விமர்சனங்களையும் கலந்து போட்டிருப்பார்கள். எந்த அளவைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் தன் உறுப்பினர்களிடம் கேட்டு பிராண்டு வாரியாக நம்பகத்தன்மைப் பட்டியல் போடுகிறது. நல்ல வேலைதான். ஆனால் அங்கே விற்கும் மாடலும் சர்வீஸும் வேறு, மின்சாரம் 120 வோல்ட். அங்கே முதலிடம் வந்தது இங்கேயும் முதலிடம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

5. சர்வீஸைப் பணம் கொடுக்கும் முன்பே சோதியுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிவிடுகிறார்கள். மூன்று பிராண்டுகளைத் தேர்ந்தெடுத்தபின், மூன்றின் கஸ்டமர் கேருக்கும் ஒரு போன் போடுங்கள். உங்கள் பின்கோடைச் சொல்லி, அங்கே சர்வீஸ் சென்டர் எங்கே, கம்பெனியே நடத்துவதா, வேறு யாருக்காவது கொடுத்திருப்பதா, வாரண்டிக்கு வெளியே வீட்டுக்கு வந்து பார்க்க எவ்வளவு, இந்த மாடலுக்குப் பேனல் மாற்றினால் தோராயமாக எவ்வளவு என்று கேளுங்கள். எவ்வளவு நேரம் காத்திருக்க வைக்கிறார்கள், பேனல் விலையைச் சொல்கிறார்களா, மழுப்புகிறார்களா என்பதே பாதி பதில். சென்னை, கோவையில் பிரமாதமாக இருக்கும் ஒரு பிராண்டுக்கு, திருவாரூரிலோ ராமநாதபுரத்திலோ வாரம் ஒரு முறை வரும் ஒரே ஒரு டெக்னீசியன் இருக்கலாம். உங்கள் ஊரில் அந்த பிராண்டு அந்த ஒரு ஆள்தான்.

பிறகு ஊரில் உள்ள டிவி மெக்கானிக்கைப் பாருங்கள். எங்கள் பக்கத்துக் கடையில், மேசை மேல் ஒரு 43 இஞ்ச் குப்புறக் கிடந்தது. மூடியைக் கழற்றி, பேனலை எடுத்து ஓரமாகக் கட்டிலில் சாய்த்து வைத்திருந்தார். டெஸ்டரின் இரண்டு முனையை ஒவ்வொரு எல்.இ.டி.யிலும் வைத்தபடி வந்தார். மூன்றாவது ஸ்ட்ரிப்பில் ஒன்று எரியவில்லை, அதன் நடுவில் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி.

"அண்ணே, எந்தக் கம்பெனி டிவி உங்ககிட்ட அதிகமா வருது?"

"அதிகமா விக்கிறதுதான் அதிகமா வரும் தம்பி. அதைக் கேக்காதீங்க. எதுக்குச் சாமான் கிடைக்குதுன்னு கேளுங்க."

சரியான பேச்சு. ஒரு பிராண்டு டிவி கடையில் நிறையக் கிடப்பதால் மட்டும் அது மட்டம் ஆகிவிடாது. சாமான் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. அதிகம் விற்கும் மாடலுக்கு ஸ்ட்ரிப்பும் போர்டும் சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ கிடைத்துவிடும். யாரும் வாங்காத அபூர்வ மாடலுக்குச் சாமான் தேடி அலைய வேண்டும்.

பிராண்டே காணாமல் போவதும் உண்டு. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த வீடியோகான் 2018-இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. 2019-இல் பெரிய ஆர்ப்பாட்டத்தோடு டிவி கொண்டுவந்த ஒன்பிளஸ் சில வருடங்களிலேயே இந்திய டிவி சந்தையிலிருந்து ஒதுங்கிக்கொண்டது. டிவியைக் குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்க நினைத்தால், ஏழு வருடமாவது இங்கே கடை போட்டிருந்த பிராண்டைப் பார்ப்பது நியாயம்.

6. வாரண்டி அட்டையின் சின்ன எழுத்து

"இரண்டு வருட வாரண்டி" என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். முழு டிவிக்கு ஒரு வருடம், பேனலுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வருடம் என்று கீழே பிரித்திருக்கலாம். அந்த இரண்டாம் வருடத்தில் பேக்லைட் போனால், அது பேனல் கணக்கில் சேருமா என்பதில்தான் சண்டை வரும். வாங்கும் முன்பே கேட்டு, பில்லிலோ மின்னஞ்சலிலோ எழுதி வாங்குங்கள். டீக்கடை, சலூன், கிளினிக்கில் மாட்டினால் வணிகப் பயன்பாடு என்று வாரண்டியை மறுக்கலாம். ஒப்பிடும்போது மூன்று வருட முழு வாரண்டி தரும் மாடல் ஆயிரம் இரண்டாயிரம் கூட இருந்தாலும் மலிவுதான்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா? கம்பெனியே தருவது என்றால், பெரிய திரைக்கு யோசிக்கலாம். கடைக்காரர் மூன்றாம் ஆளிடம் வாங்கித் தருவது என்றால், தேய்மானம் கழித்துக்கொண்டு பணம் தருவார்களா, பழுது பார்த்துத் தருவார்களா என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். 32 இஞ்சுக்கு வேண்டவே வேண்டாம்.

7. சாஃப்ட்வேருக்கும் ஆயுள் உண்டு

நாலு வருடத்தில் படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் ரிமோட்டை அழுத்தினால் யோசித்து யோசித்து ஆப் திறக்கும். 1 ஜி.பி. ராம், 8 ஜி.பி. சேமிப்பு உள்ள ஸ்மார்ட் டிவியில் இது சீக்கிரம் வரும். குறைந்தது 2 ஜி.பி. ராம் பாருங்கள். சாம்சங் 2024 முதல் பல மாடல்களுக்கு தன் டிவி சாஃப்ட்வேரான டைசனுக்கு ஏழு வருட அப்டேட் என்றும், எல்.ஜி. தேர்ந்தெடுத்த மாடல்களுக்கு ஐந்து வருடத்தில் தன் சாஃப்ட்வேரான வெப்ஓ.எஸ்.ஸுக்கு நான்கு அப்கிரேடு என்றும் அறிவித்திருக்கின்றன. நீங்கள் பார்க்கும் மாடல் அதில் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். அதே சமயம் இதற்காக ரொம்பக் கவலைப்படவும் வேண்டாம். சாஃப்ட்வேர் தேய்ந்தால் ஆப்களை ஓட்டும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை வாங்கி எச்.டி.எம்.ஐ. போர்ட்டில் சொருகிக்கொள்ளலாம்; பேனல் தேய்ந்தால் சொருக ஒன்றும் இல்லை.

8. சரி, எதை வாங்குவது?

இவ்வளவு சொல்லிவிட்டுப் பெயர் சொல்லாமல் போனால் திட்டுவீர்கள். கடைக்குப் போனால் நான் மனதுக்குள் மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்வேன். சோனி, சாம்சங், எல்.ஜி., பானசோனிக் முதல் கூட்டம்: பல வருடமாக இங்கே இருக்கிறார்கள், சின்ன ஊர்களுக்கும் சர்வீஸ் ஓரளவு வருகிறது. ஆனால் இவர்களுடைய ஆக மலிவான மாடல் வேறு உலகம். பெயருக்குக் காசு, உள்ளே சிக்கனம். இவர்களிடம் வாங்கினால் நடுத்தர வரிசையில் வாங்குங்கள்.

டி.சி.எல்., ஹைசென்ஸ், ஷாவ்மி இரண்டாவது. கொடுக்கும் காசுக்குத் திரை பெரிது, வசதி அதிகம். டி.சி.எல்.லுக்குப் பேனல் செய்யும் கம்பெனியே சொந்தம். இங்கே உங்கள் பின்கோடு சர்வீஸ்தான் தீர்ப்புச் சொல்லும். ஐந்தாம் படியை இவர்களுக்குக் கண்டிப்பாகச் செய்யுங்கள். உரிமப் பெயர்களும் ஆன்லைனில் மட்டும் விற்பவையும் மூன்றாவது. சமையலறைக்கோ, வாடகை வீட்டுக்கோ 32 இஞ்ச் வேண்டும், நாலு வருடம் ஓடினால் போதும் என்றால் தாராளமாக எடுக்கலாம். 65 இஞ்சை இந்தக் கூட்டத்தில் நான் எடுக்க மாட்டேன்.

விலையை ஒப்பிடும்போது பழைய கட்டுரைகளை நம்பாதீர்கள். 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது.

9. மாட்டும் முன் வீட்டு வயரிங்

நல்ல பிராண்டையும் கெட்ட கரண்ட் கொன்றுவிடும். டிவியின் பின்னால் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருந்தால் லோ வோல்டேஜுக்காகத் தனியாக ஸ்டெபிலைசர் தேவையில்லை. பயப்பட வேண்டியது மேலே ஏறும் வோல்டேஜுக்கு. தெருவில் நியூட்ரல் அறுந்தால் 230 வரவேண்டிய வீட்டுக்குள் 400 வரை வந்துவிடும். அன்றைக்குத் தெருவில் பல வீடுகளில் டிவியும் ஃபேனும் சேர்ந்து போகும். ஓவர் வோல்டேஜ் வந்தால் துண்டித்துவிடும் கருவியை எலக்ட்ரீசியனிடம் சொல்லி மெயினிலேயே போட்டுக்கொள்ளலாம். எர்த் சரியாக இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். எர்த் இல்லாத பாயிண்டில் சர்ஜ் புரொடெக்டர் போட்டும் பெரிய பிரயோஜனம் இல்லை.

இடி இடிக்கும்போது பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு, கேபிள் வயரையும் டிஷ் வயரையும் விட்டுவிடுவார்கள். அது வழியாக வந்து செட்டாப் பாக்ஸைத் தாண்டி எச்.டி.எம்.ஐ. போர்ட்டைச் சுட்டுவிடும். எச்.டி.எம்.ஐ. வயரையும் கழற்றுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் டிவியை ஜன்னலுக்கு எதிரே உப்புக் காற்று அடிக்கும் இடத்தில் மாட்ட வேண்டாம்.

மாட்டியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பேக்லைட் அளவைக் குறைப்பது. கடையில் பளபளக்க வைத்த 'விவிட்' மோடிலேயே வீட்டிலும் ஓட்டுகிறார்கள். நூறில் இருப்பதை அறுபது எழுபதுக்குக் கொண்டுவந்தால் ராத்திரியில் கண்ணுக்கும் இதம், எல்.இ.டி.க்கும் சூடு குறைவு. காசில்லாமல் ஆயுளைக் கூட்டும் வழி இதைவிட எனக்குத் தெரியாது.

10. பெட்டி வந்த நாள்

பெட்டியை நிற்க வைத்துத்தான் கொண்டுவந்தார்களா என்று பாருங்கள். படுக்க வைத்துக் கொண்டுவந்த பெரிய டிவி பேனலுக்கு ஆபத்து. பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து வீடியோ எடுங்கள். இன்ஸ்டலேஷன் ஆள் வரும்வரை பிரிக்கக் கூடாது என்று சில கம்பெனிகள் சொல்லும், அதை மீறாதீர்கள். ஆன் செய்ததும் யூடியூபில் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று முழுத்திரை நிறம் காட்டும் வீடியோ ஒன்றைத் தேடிப் போடுங்கள். செத்த புள்ளி, ஓரத்தில் கறை, வெளிச்சத் திட்டு இருந்தால் இந்த ஐந்து நிறத்தில் தெரிந்துவிடும். எல்லா எச்.டி.எம்.ஐ., யூ.எஸ்.பி. போர்ட்டுகளையும் அன்றைக்கே ஒருமுறை சொருகிப் பாருங்கள். மாற்றித் தரும் நாட்கள் ஆன்லைனில் ஏழோ பத்தோதான் இருக்கும். அதுவரை அட்டைப் பெட்டியையும் தெர்மோகோலையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

பின்னால் உள்ள சீரியல் எண் ஸ்டிக்கரை, சுவரில் மாட்டும் முன் போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். ஜி.எஸ்.டி. பில்லில் அந்த எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழுது வந்தால் புகாரைப் போனில் மட்டும் சொல்லாமல், எழுத்திலும் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். டெக்னீசியன் வந்து போன ஒவ்வொரு முறையும், என்ன பார்த்தார் என்று எழுதிய ஜாப் ஷீட்டைக் கேளுங்கள். கம்பெனி இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஜாப் ஷீட்டுகளும் அந்த மின்னஞ்சலும் அங்கேதான் தேவைப்படும்.